மலர்கொடி மிதித்த பாத்தி

உப்பளத்தில் வேலை பார்ப்பவர்களுக்குக் கால் மரத்துப்போவது பெரிய விஷயமே இல்லை. அதனால் ஆகஸ்டில் பாதம் இரண்டும் உணர்ச்சி இல்லாமல் போனபோது, உப்புதான் தன் வேலையைக் காட்டுகிறது என்று மலர்கொடி வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு படுத்துவிட்டாள். நாலாம் நாள் பாத்தியில் முழங்கால் மடங்கி உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை.

கூட வேலை செய்யும் பாப்பாத்திதான் ஆட்டோவில் அள்ளிப்போட்டுப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனாள். மலர்கொடிக்கு எச்.ஐ.வி. இருப்பதும், பன்னிரண்டு வருஷமாக ஒருநாள் விடாமல் மாத்திரை போடுவதும் ஊரில் பாப்பாத்திக்கு மட்டுமே தெரியும். அதுதான் முற்றிவிட்டது, கதை முடிந்தது என்று வழியெல்லாம் மலர்கொடி அழுதாள்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு இல்லையென்று தலையாட்டினார். "அந்தக் கிருமி அடங்கித்தான் இருக்கு. உங்க ஒடம்போட எதிர்ப்பு சக்தியே ஆள் தெரியாம உங்க நரம்பைத் தாக்குது. எச்.ஐ.வி. இருக்கறவங்களுக்கும் இது வர்றதுண்டு. மருந்து ஏத்தினா பெரும்பாலும் சரியாயிடும்."

மலர்கொடி கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள்.

"பன்னெண்டு வருசமா மாத்திரை குடுத்து வளத்த நாயி, என்னையே கடிச்சிருக்குது டாக்டரம்மா."

அவள் சிரித்த சிரிப்பு பக்கத்துக் கட்டில்காரிக்கும் தொற்றிக்கொண்டது.

ஐந்து நாள் மருந்து ஏறியது. பிடித்துக்கொண்டு நிற்க ஒரு மாதம், கம்பு இல்லாமல் நடக்க இன்னும் மூன்று மாதம். ஆனால் இடது கால் விரல் மட்டும் தரையை உரசிற்று. அங்கேதான் இடித்தது. ஜனவரியில் மழைத்தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் வரிசையாக நின்று பாத்தியை மிதித்து இறுக்குவார்கள். அந்த வரிசையில் நிற்பவர்களுக்குத்தான் சீசன் முழுக்க வேலை. விரல் இழுத்தால் ஈரக் களிமண்ணில் கோடு விழும், அப்புறம் உப்போடு மண்ணும் சேர்ந்து வரும். மேஸ்திரி இருசப்பனுக்குக் கோடு என்றால் ஆகவே ஆகாது.

"காலு எப்பிடி இருக்குது?" என்றார் அவர்.

"குதிர மாதிரி இருக்குதுண்ணே" என்று கூசாமல் புளுகிவிட்டு, பாப்பாத்திக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

பாதி தூரம் மிதித்திருப்பார்கள். மலர்கொடியின் குதிகால் வெடிப்பில் உப்புத்தண்ணீர் சுரீரென்று ஏறியது. ஐந்து மாதமாகச் செத்துக் கிடந்த கால் அது.

"யக்கா, எரியுது."

"எரிஞ்சா எரியட்டும். வெரலத் தூக்குடி."

"நல்லா எரியுதுக்கா" என்று மலர்கொடி சிரித்தாள். சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. அடக்க அடக்கச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது.

கரையேறியதும் இருசப்பன் குனிந்து பார்த்தார். பாத்தியில் நீளமாக ஒரு கோடு. மலர்கொடி இடது காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவர் கோட்டை ஒட்டியே நடந்து வந்து, அது முடிந்த இடத்தில் நின்றவளை நிமிர்ந்து பார்த்தார்.

அங்கே நின்றது பாப்பாத்தி.

"உனக்கு இன்னா கேடு? உன் காலு நல்லாத்தான இருக்குது?"

"நா எங்கண்ணே என் காலப் பாத்தேன்" என்றாள் பாப்பாத்தி. "மொத்த தூரமும் இவ காலத்தான் பாத்துக்கினு வந்தேன்."

இருசப்பன் இரண்டு பேரையும் திரும்ப மிதிக்கச் சொன்னார். எரிகிற காலோடு மலர்கொடிதான் முதலில் இறங்கினாள்.