பூனைக்குள் பஸ்

சின்னப் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துத் துடைத்தே அவளுக்குக் ‘கைக்குட்டை டீச்சர்’ என்று பெயர் வந்துவிட்டது. உண்மையில் அவள் டீச்சர் இல்லை, உதவியாளர். ஷூ மாட்டிவிடுவாள், அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே அலமாரியை அடுக்குவாள். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வாசிக்கக் கற்றுத்தரும் பயிற்சியில் சேர்ந்திருந்தாள். அன்றைக்குப் பயிற்சியாளர் அம்மா முன்னால் மாதிரிப் பாடம் நடத்த வேண்டும். தேறினால் ஒன்றாம் வகுப்பு அவளுடையது. இல்லாவிட்டால் பழையபடி கைக்குட்டைதான்.

முந்தின சாயங்காலம் வீட்டில் ஒத்திகை; ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மாமியார், புத்தகப் பக்கம் திரும்பாமலே, “த கேட் இஸ் இன் த பஸ்!” என்று கணீரென்று எடுத்துவிட்டார். ஏ, பி தெரியாத மனுஷி!

“அத்தைக்கே வந்துருச்சு, பிள்ளைங்களுக்கு வராதா?”

“அது என்னடி, அத்தைக்கே?” என்றார் மாமியார்.

மறுநாள் பஸ்ஸுக்குள் பூனை உட்கார்ந்திருந்த பக்கத்தைப் பிள்ளைகள் கூரை அதிரக் கோரஸாகப் படித்தார்கள். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பயிற்சியாளர் அம்மா எழுந்து வந்து பக்கத்தைப் புரட்டினார். அங்கே படத்தில் கட்டில் மேல் நாய். பிள்ளைகள் சுருதி குறையாமல், “த கேட் இஸ் இன் த பஸ்!” கடைசி வரிசையில் ஒருவன் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் விடச் சத்தமாகப் படித்தான்.

“கிளி நல்லாத்தான் பேசுது. வாசிக்குதான்னு பாருங்கம்மா. இன்னும் நேரம் இருக்கு” என்று சொல்லிவிட்டு அவர் போய் உட்கார்ந்தார்.

அவளுக்குக் காது சுட்டது. மாமியாரின் முதுகு ஞாபகம் வந்தது. புத்தகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படித்தவர்! அட மண்டு, அதுவா வாசிப்பு? எழுத்துகளின் ஒலியெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியும். கூட்டத்தோடு கோவிந்தா போட்டதால் ஒருத்தருக்கும் அதைக் கொண்டு வாசிக்கும் வேலையே வரவில்லை.

அழ நேரமில்லை. பலகையைத் துடைத்தாள். புத்தகத்தில் இல்லாத ஒரு வரியை எழுதினாள்.

“எல்லாரும் வாயைப் பொத்துங்க. கண்ணாலதான் படிக்கணும்.”

வகுப்பு கப்சிப். முன்பல் விழுந்த ஒருத்தி மட்டும் விரலைக் காற்றில் எழுத்து எழுத்தாக நகர்த்தினாள். நகர்த்தியவள் குபுக்கென்று சிரித்தாள்.

“ஏன்டி சிரிக்கிற?” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“சொல்ல மாட்டேன். நீயே படி!”

அடுத்தவள் சிரித்தாள். பிறகு ஜன்னலோரம் ரெண்டு பேர். பொரி பொரிகிற மாதிரி சிரிப்பு அங்கங்கே வெடித்தது. கடைசியில் தலைகீழ்ப் புத்தகக்காரன் பெஞ்சு மேலேயே ஏறிவிட்டான்.

“டீச்சர், பூனைக்குள்ள பஸ்ஸு! ஹாரன் அடிச்சா அது என்ன பண்ணும்?”

பயிற்சியாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “படிக்காம இதுக்குச் சிரிக்க முடியாது. ஒன்றாம் வகுப்பு உங்களுக்குத்தான், போங்க!”

அவள் வீட்டுக்கு ஓடாத குறையாக வந்து சேர்ந்தாள். மாமியார் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“நான் பாஸா, ஃபெயிலா?”

“நான் பாஸ். நீங்க ஃபெயில் அத்தை. நாளையிலேருந்து முதல் பெஞ்ச்.”