நல்ல ரத்தம்

ரத்தம் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அவளுக்கு அங்கே 'நல்ல ரத்தம்' என்றே பட்டப்பெயர். நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் ரத்தம் வேண்டுமே; பதினோரு வருடமாக அதற்குக் கையை நீட்டுவது அவள்தான். சளிகூட எட்டிப் பார்க்காத உடம்பு என்று கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்த வாரம் வந்த ரத்தம் அவள் பெற்ற மகளுடையது. ஒன்பது வயது. கழுத்தில் கோலிக்குண்டுபோல நெறிக்கட்டிகள், மாதக்கணக்காக வற்றவில்லை. மண்ணீரல் வீங்கிவிட்டது, அடிபட்டால் வெடித்துவிடும் என்று பிள்ளையை வீட்டோடு அடைத்து வைத்திருந்தார்கள். புற்றுநோயா, வேறா? புதிதாக வந்திருந்த ஒரு சோதனைதான் சொல்ல வேண்டும்.

கிருமி வந்தால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஒரு படையாகவே பெருகும். சண்டை முடிந்ததும் அந்த அணுக்கள் தாமாகவே செத்துவிட வேண்டும். சாகாமல் சட்டமாக உட்கார்ந்துகொண்டால் நெறி வீங்கும். வேலையற்ற படை சொந்த உடம்பையே அடிக்கும். சாகச்சொல்லி மருந்தால் உத்தரவு கொடுத்து, எத்தனை சாகின்றன என்று எண்ணுவதுதான் சோதனை.

மகளுடையவை சாகவில்லை. ஒப்பிட எடுத்த அம்மாவுடையவையும் சாகவில்லை.

"மருந்து கெட்டுப்போச்சு டாக்டர்" என்றாள் பெரிய டாக்டரம்மாவிடம். புது மருந்து வந்தது. மறுபடியும் அதே கதை. "இதுவும் மட்டம்!" என்று புட்டியைத் திட்டினாள். தன் ரத்தத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்று அந்த மகராசிக்குத் தோன்றவே இல்லை!

டாக்டரம்மா தன் கையை நீட்டினார். "இந்தா, என்னுத எடு."

டாக்டரம்மாவின் அணுக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன.

"புற்றுநோய் இல்லம்மா. மாத்திரையில அடக்கி வெச்சுக்கலாம். ஆனா இது பரம்பரையா வர்றது. சில பேருக்கு உள்ளயே இருக்கும், ஒண்ணும் பண்ணாது."

நிம்மதிப்பட வேண்டிய இடம்தான். அவளுக்கோ ஜன்னலில்லாத அந்த அறையில் மூச்சு முட்டியது. என் பிள்ளையை அடைத்துப்போட்ட பாழாய்ப்போன நோய் என்று எத்தனை நாள் சபித்தாள்! வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. வேலையை விட்டு ஓடலாம், ஊரை விட்டு ஓடலாம். ரத்தத்தை விட்டு எங்கே ஓடுவது?

கைப்பேசி அடித்தது. மகள்.

"அம்மா, என் ரத்தம் எப்படி இருக்கு? உன்னுது மாதிரி இருக்கா?"

"அச்சு அசல் என்னுது மாதிரியேதான்டி."

"அப்ப நல்ல ரத்தம்!" கட்டில் கிறீச்சிடும் சத்தம் கேட்டது, தொம் தொம்மென்று.

"குதிக்காதடி!" என்று அலறினாள்.