விசுத்தி சக்கரமும் அக்காவின் மௌன விரதமும்

அக்காவின் குரல்நாணில் சிறு கட்டி இருக்கிறது. இன்று காலை பரிசோதித்த தொண்டை மருத்துவர் சொன்னது இது.

மூன்று மாதமாக அவளுக்குக் குரல் கம்மியிருந்தது. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் அவள் போகும் யோகா வகுப்பில், தொண்டையிலுள்ள விசுத்தி சக்கரம் அடைபட்டிருக்கிறது என்று சொல்லி, ஆசனங்களோடு வியாழன்தோறும் மௌன விரதமும் கொடுத்திருந்தார்கள். மருத்துவரைப் பார்க்க நேரம் கிடைத்த நாளும் வியாழனாகிப் போனது.

"எவ்வளவு நாளா இப்படி, அக்கா?" என்று மருத்துவர் கேட்டார்.

அக்கா மூன்று விரலைக் காட்டினாள்.

"மூணு நாளா?"

"மூணு மாசம், டாக்டர். இன்னிக்கு விரதம், பேசமாட்டாங்க," என்றேன்.

"குரலைக் கேட்காம நான் என்னத்தப் பார்க்கிறது?"

பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சாமி கோவிச்சுக்காது லா அக்கா, ஒரு வார்த்தை பேசுங்க," என்றார்.

அக்கா கண்ணை மூடி யோசித்தாள். மந்திரத்துக்குத் தடையில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி "ஹம்" என்று இழுத்தாள். பாதியிலேயே அது வெறும் காற்றாகிவிட்டது.

நர்ஸ் சிரிப்பை நிறுத்திவிட்டார். மருத்துவர் தொண்டைக்குள் விடும் கேமராவை எடுத்தார்.

கட்டியிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். கிளம்பும்போது மருத்துவர், "ஒரு வாரத்துக்குப் பேசவே கூடாது," என்றார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அத்தனை வெற்றி.

முடிவு அடுத்த செவ்வாய் மதியம் வருமாம். நல்லபடியாக வந்தால் சக்கரம்தான் காப்பாற்றியது என்பாள். சொல்லட்டும். நான் வாதாடப் போவதில்லை. நீங்களும் வாதாட வேண்டாம்.