பெயர் எழுதாத பரிசுகள்

என் தங்கை கர்த்தருக்குள் நித்திரை அடைந்து ஒரு வருடம் ஆகிறது. மூத்தவள் என்ற முறையில் இந்த நினைவு மலரில் முதலில் நான் எழுத வேண்டும் என்று தம்பி மகன் கேட்டுக்கொண்டான். ‘அவர்’ என்று மரியாதையாகப் போட வேண்டும் என்றும் சொன்னான். இடுப்பில் வைத்துத் தூக்கி வளர்த்தவளை எனக்கு அப்படி எழுத வரவில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலை தேடிக் கல்கத்தா வந்தவர். ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தார். காளிகாட்டில் சந்துக்குள் இருந்த வாடகை வீட்டில்தான் நாங்கள் மூவரும் பிறந்தோம். நான் மூத்தவள், அடுத்து தம்பி, கடைசியாக இவள். இவள் பிறந்ததும் அம்மா படுக்கையில் விழுந்தார்கள். எழுந்து நடமாட வெகு காலம் ஆயிற்று. நான் அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தேன். கைக்குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும் என்று என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு நான் போகவில்லை. இதை யாரிடமும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது சொந்தபந்தம் எல்லோரும் படிக்கிற மலரில் எழுதுகிறேன். எழுதும்போதே முகம் சுடுகிறது.

தங்கை நன்றாகப் படித்தாள். அரசாங்க ஆபீசில் வேலை கிடைத்தது. அப்பா அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவள் அவள்தான். கல்யாணம் வேண்டாம் என்றாள், கேட்டுக் கேட்டு நாங்களும் விட்டுவிட்டோம். என் வீட்டுக்காரர் இறந்து நான் பிள்ளை குட்டி இல்லாமல் தனியாக நின்றபோது டாலிகஞ்சில் இருந்த தன் வீட்டிலிருந்து வந்து என் பெட்டியைத் தானே தூக்கினாள். “அக்கா, வீட்ல ரெண்டு தலாணி இருக்கு. ஒண்ணு சும்மா கெடக்கு, கெளம்பு” என்றாள். அவள் என்னைக் கூப்பிட்டது அவ்வளவுதான்.

ஆபீஸ் விட்டு வந்ததும் டீயோடு பேப்பரை வைத்துக்கொண்டு எனக்குப் படித்துக் காட்டுவாள். வரிக்கு அடியில் விரலை வைத்து ஓட்டி ஓட்டிப் படிப்பாள். “வெரல எடுட்டி, சின்னப் புள்ள மாதிரி” என்று நான் சொல்வேன். எடுக்க மாட்டாள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸ் அன்று கோயில் முடிந்து எல்லோரும் கூடியதும், சாப்பாட்டுக்கு முன்னால், வீட்டுக்கு மூத்தவர் ஒவ்வொரு பரிசாக எடுத்துப் பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டும். அம்மாவுக்குப் பிறகு அது என் வேலை. கடையில் துணியும் டப்பாவும் நானே பார்த்து வாங்கி வைப்பதால் எது யாருக்கு என்று எனக்குத் தெரியும். பெயர்ச் சீட்டு தேவைப்பட்டதில்லை.

தம்பி மகன் சிறுவனாக இருந்தபோது தங்கை ஒரு புது ஏற்பாடு செய்தாள். இனிமேல் பரிசெல்லாம் பிள்ளைகள் கையால் செய்ததாக இருக்கட்டும் என்றாள். தம்பி குடும்பம் லேக் கார்டன்ஸில். அங்கிருந்து தம்பி மகனும், பாரா என்று இங்கே சொல்கிற எங்கள் அக்கம்பக்கத்திலிருந்து அவன் கூட்டாளிகளும் டிசம்பர் பிறந்ததும் எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். டீக்கடை மண் குவளைகளைக் கழுவி வர்ணம் பூசி, தீபாவளிக்கு எரித்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை உருக்கி ஊற்றினார்கள். கமலா ஆரஞ்சுத் தோலைக் காயவைத்து, துணிக்கு நடுவில் வைக்கச் சின்னப் பை தைத்தார்கள். பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டினால் தங்க நட்சத்திரம். எல்லாவற்றிலும் குட்டிச் சீட்டு கட்டித் தமிழில் அழகாகப் பெயர் எழுதினார்கள்.

கிறிஸ்துமஸ் அன்று நான் நாற்காலியில் உட்கார்ந்து முதல் பரிசை எடுத்தேன். சேலைக்கரையில் தைத்த சீப்பு உறை, உள்ளே சீப்பும் இருந்தது. சீட்டைப் பார்த்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி பெயரைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

தம்பிக்கு அப்போதே முழு வழுக்கை. அவன் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, “மொதல்ல முடி வாங்கித் தாக்கா, பொறவு சீப்பு தா” என்றான். வீடே சிரித்தது. தம்பி மனைவியின் நீளத் தலைமுடிக்கு என்று அவள் மகன் செய்தது அது. “வேணும்னுதான் குடுத்தேன், வேடிக்கைக்கு” என்று சொல்லி நானும் சிரித்தேன். தங்கை மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மற்றப் பரிசுகளை ஒவ்வொன்றாக என் கையில் எடுத்துத் தரும்போது யாருடையது என்று மெல்லச் சொன்னாள்.

அடுத்த வருடம் பிள்ளைகளுக்குச் சட்டம் போட்டாள். “சீட்டு கட்டக் கூடாது. பேரு எழுத யாருக்கும் வரும். பாத்த ஒடனே இன்னாருக்குன்னு தெரியணும், அப்படிச் செய்ங்க.”

அதிலிருந்து எங்கள் வீட்டுப் பரிசுகளே வேறு மாதிரி ஆகிவிட்டன. விடியுமுன் மீன் வாங்க ஓடும் தம்பிக்கு இலிஷ் மீன் செதில் வரைந்த குவளை. சாவியைத் தொலைத்துவிட்டுத் தேடும் அவன் மனைவிக்கு மணி கட்டிய கம்பளிக் கயிறு. எடுத்ததும் எனக்குத் தெரிந்துவிடும், கணீரென்று பெயர் சொல்வேன். எனக்கு வருவது வேதாகமத்தில் பக்க அடையாளத்துக்கு வைக்கும் நாடா. ஒன்றில் ஆடு தைத்திருக்கும், ஒன்றில் மரம், ஒன்றில் மலை. ஆட்டு நாடாவை ‘கர்த்தர் என் மேய்ப்பர்’ சங்கீதம் இருக்கும் பக்கத்தில் தங்கையே வைத்துத் தருவாள். சங்கீதங்கள் எனக்கு மனப்பாடம். கோயிலில் சரியான பக்கத்தைத் திறந்து பிடித்துக்கொண்டு சொல்வேன். என்ன கெட்டிக்காரி என் தங்கை என்று நினைத்துக்கொண்டேனே தவிர, வேறொன்றும் நினைக்கவில்லை. நினைக்க விரும்பவில்லை என்பதுதான் சரி.

போன வருடம் குளிர் தொடங்கியதும் அவளுக்கு மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியிலும் கம்பளி நூல் கேட்டாள். பிள்ளைகளுக்காகக் கழுவிக் கவிழ்த்து வைத்த குவளைகள் வராந்தாவில் அப்படியே இருக்க, டிசம்பரில் அவள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தோம். வந்த போதகர் ஊருக்குப் புதியவர். “மூத்தவங்க, ஒரு சங்கீதம் வாசிங்கம்மா” என்று தன் வேதாகமத்தை என் கையில் கொடுத்துவிட்டார். அதில் நாடா இல்லை. கண்ணாடியைத் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன்.

தம்பியின் பேத்தி எழுந்து வந்தாள். அவள் அப்பா கூப்பிடுவதைப் பார்த்து அவளும் என்னைப் பெரியத்தை என்றுதான் கூப்பிடுவாள். என் வேதாகமத்தை அலமாரியிலிருந்து எடுத்து, நாடா இருந்த இடத்தில் திறந்து என் மடியில் வைத்தாள். “பெரியத்தை, ஆடு” என்று காதோடு சொன்னாள்.

நான் சங்கீதத்தைச் சொன்னேன். சொல்லிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். தம்பி, அவன் மனைவி, மகன், பாராவின் தமிழ்க் குடும்பங்கள், ஒருவர் கூட என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போதகர் மட்டும்தான் என்னைப் பார்த்தார். அவருக்கு மட்டும்தான் தெரியாது.

பிறகு அடுக்களையில் அந்தப் பிள்ளையைப் பிடித்துக் கேட்டேன். “ஒனக்கு யாரு சொன்னா?”

“சீப்பு வருஷத்துல இருந்தே எல்லாருக்கும் தெரியும் பெரியத்தை. அப்பாவுக்குச் சின்னத்தை சொன்னாங்க, எனக்கும் சொன்னாங்க. காட்டிக்கக் கூடாதுன்னாங்க.”

“அவ எனக்குச் சொல்லித் தந்திருக்கலாம்லா?”

“நானும் கேட்டேன். வெரல் வச்சுக் காட்டிட்டுத்தான் இருக்கேன், அக்கா வாயைத் தொறந்து கேக்க மாட்டாள்னாங்க.”

இத்தனை காலம் நான் தலை நிமிர்ந்து நடந்தது என் தலையால் அல்ல, நீங்கள் எல்லோரும் குனிந்து கொண்டதால் என்பது அன்று தெரிந்தது. பல நாள் வெளியே இறங்கவில்லை. பிறகு ஒரு நாள் தம்பி மனைவியிடம் போய், எனக்குப் படிக்கச் சொல்லிக் கொடு என்று கேட்டேன். வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டு, “எந்த எழுத்துல இருந்து மைனி?” என்றாள். வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்தக் கட்டுரையில் பாதி நான் எழுதியது. மீதி நான் சொல்லச் சொல்ல தம்பி மகன் எழுதினான்.

தங்கையைப் பார்த்த டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், அவளை நாற்காலியோடு தூக்கி மாடியிலிருந்து இறக்கிய பாராப் பையன்களுக்கும், எங்களுக்குச் சோறு கொண்டுவந்த எதிர்வீட்டு வங்காளி தீதிக்கும் எங்கள் நன்றி. தெரிந்தும் தெரியாதவர்களாக இருந்த உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கூச்சமாக இருக்கிறது.

கவிழ்த்து வைத்த குவளைகளை இப்போது பிள்ளைகள் எடுத்து வர்ணம் பூசுகிறார்கள். வருகிற கிறிஸ்துமஸுக்குச் சீட்டில் பெயர் எழுதச் சொல்லியிருக்கிறேன், தமிழில். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வங்காளம்தான் எழுத வரும், ஆகையால் தம்பி மனைவி எழுதுவாள். பழையபடி நாற்காலியில் நான் உட்காருவேன். வழக்கம்போல் எல்லோரும் வந்துவிடுங்கள். நேரம் ஆகும், பிரியாணி ஆறினால் ஆறட்டும். தம்பிக்குச் சீப்பு வந்தால் அவன் பெயர் அதில் இருக்கிறது என்று அர்த்தம். யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டாம், தரையையும் பார்க்க வேண்டாம். உங்கள் பெயரை நான் கூட்டிப் படித்து முடிக்கும்வரை என்னைப் பார்த்துக்கொண்டு இருங்கள்.