நிக்காமல் நடந்த யோகன்

சரக்... சரக்... சரக்...

எங்கடை பட்ச் யோகன்ரை ரப்பர் செருப்புச் சத்தம். தொண்ணூத்தொண்டு அளவிலை, கம்பஸிலை ஒரு மூலை வகுப்பு. மத்தியான வெக்கையும் வெண்கட்டித் தூளும்...

கரண்டே இல்லாத யாழ்ப்பாணத்திலை நாங்கள் கொம்பியூட்டர் படிச்சனாங்கள்! இருந்த ஒரு மெசினும் துணி போர்த்தபடி கிடந்தது. ஜெனரேட்டருக்கு டீசலுக்கு எங்கை போறது?

எங்கடை லெக்சரர் வாணி மிஸ் அசரேல்லை. "மெசின் இல்லாட்டி என்ன, நீங்கள் இருக்கிறியள்தானே" எண்டு சிரிச்சா.

எட்டுப் பேரை வட்டமா நிப்பாட்டி ஆளுக்கொரு இலக்கம் குடுப்பா. நாங்கள் எழுதின புரோகிராம் போர்டிலை இருக்கும். யோகன்தான் கொம்பியூட்டர். எழுதினபடி மட்டும் ஆள் ஆளா நடந்து இலக்கத்தைப் பாக்கவேணும், சொந்தப் புத்தி பாவிக்கக்கூடாது.

துறைத் தலைவர் பெரிய சேருக்கு இது துண்டாப் பிடிக்கேல்லை. காலம் காலமா போர்ட் நிறைய நிறுவல் எழுதிக் கணிதம் படிப்பிச்ச மனுசன். "உந்தக் கூத்து இனியும் நடந்தா பாடத்தையே நிப்பாட்டிப்போடுவன்" எண்டு மிஸ்ஸிட்டைச் சொல்லிப்போட்டார். எங்கடை எதிர்காலமே அந்தப் பாடம்தான் எண்டு நம்பியிருந்தம்.

அப்பிடியும் மிஸ் விடேல்லை. அண்டைக்கு என்ரை புரோகிராம். எட்டிலை பெரிய இலக்கம் எது எண்டு பாக்கவேணும். யோகன் ஒரு சுற்று வந்தான். ரெண்டாஞ் சுற்றும் வந்தான். பிறகும் நிக்கேல்லை! பருத்தித்துறையிலையிருந்து சைக்கிள் உழக்கி வந்தவன், வேர்த்து ஒழுகச் சுத்துறான். நாங்கள் வயிறு நோகச் சிரிக்கிறம்.

வாசலிலை பெரிய சேர்...

சிரிப்பு அடங்கீட்டுது. செருப்புச் சத்தம் மட்டும் அடங்கேல்லை.

"தம்பி, நில்லும்!"

"ஏலாது சேர். போர்டிலை அப்பிடி எழுதேல்லை."

பாடம் இண்டையோடை முடிஞ்சுது எண்டு நினைச்சன். சேர் கண்ணாடியை ஏத்திவிட்டுப் போர்டைப் பாத்தார். நிறுவல் திருத்துற மாதிரி, மேலையிருந்து வரி வரியா. பிறகு வெண்கட்டியை என்னட்டை நீட்டினார்.

"துடங்கின ஆளிட்டைத் திரும்பி வந்தா நில்லெண்டு எங்கை எழுதியிருக்கிறீர்? எழுதும்."

எழுதினன். யோகன் நிண்டான். வகுப்பே கை தட்டிச்சுது.

"பிள்ளை, ஒரு பிழையை இவ்வளவு வடிவா நான் கண்ணாலை கண்டதில்லை" எண்டார் சேர், வாணி மிஸ்ஸைப் பாத்து. அடுத்த கிழமை வட்டத்திலை இலக்கத்தோடை அவரும் நிண்டார். என்ன மனுசர் ரெண்டு பேரும்!

இப்ப டொரண்டோவிலை என்ரை மேசையிலை ரெண்டு ஸ்கிரீன். எதுவும் கண் மூடி முழிக்க முதல் ஓடி முடியுது. எப்பவாவது ஒரு புரோகிராம் நிக்காமல் சுத்தும். பக்கத்துப் பெடியள் எரிச்சலிலை மேசையைத் தட்டுவினம்.

நான் அவசர அவசரமாப் பிழையைத் தேடுவன்... பாவம், யோகன் நடந்துகொண்டிருக்கிறான்.