கரண்டுப் பெட்டியின் இரைச்சல்

எங்கள் வீட்டில் பாடுகிற பெட்டியைவிட, அதற்குக் கரண்டு கொடுக்கிற பெட்டிக்குத்தான் மரியாதை அதிகம். பாடுகிற பெட்டி ஜப்பான்காரன் செய்தது. கப்பலில் வேலை பார்த்த என் கணவரின் அண்ணன், எழுபதுகளின் கடைசியில் ஒரு லீவுக்கு வந்தபோது அதைக் கொண்டுவந்து தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு கேசட் டெக், பீரோவில் பாதி உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். சங்கரன்கோவிலில் எங்கள் தெருக்காரர்கள் யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் அது நூற்றுப் பத்து வோல்ட்டில் ஓடுகிற சாமான். நம் ஊர்க் கரண்டை நேராகக் கொடுத்தால் புகைந்துவிடும். அதற்காகக் கூடவே ஒரு இரும்புப் பெட்டியும் வந்தது. சுவரிலிருந்து வருகிற கரண்டைப் பாதியாகக் குறைத்து உள்ளே அனுப்புகிற டிரான்ஸ்பார்மர். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், அத்தனை கனம்.

அந்தப் பெட்டி இரைந்தது உண்மை. அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். மேலே கை வைத்தால் உள்ளங்கை கூசும். குனிந்து காதைக் கொடுத்தால் 'உம்ம்' என்று ஒரே சீராக ஒரு சத்தம். எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும் என்பதால், மழைக்காலத்தில் என் மாமியார் நமுத்துப் போன தீப்பெட்டியை அதன் மேல்தான் காய வைப்பார். எனக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. தொந்தரவு என் கணவருக்கு.

அவர் ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் சூப்பர்வைசர். ஷிப்டு முடித்து பஸ் பிடித்து வீடு வந்து சேர்வார். வார லீவு அன்று காலையில் குளித்துவிட்டு, நெற்றியில் திருநீறு பூசி, ஏதோ பூசைக்கு உட்காருகிற மாதிரி அந்த செட்டின் முன்னால் உட்காருவார். நாதஸ்வரக் கேசட் ஒன்று போடுவார். உண்மையிலேயே நன்றாகத்தான் இருக்கும். வாசிக்கிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும்.

ஒரு நாள் ஒரு உருப்படி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் விரலை உயர்த்தினார்.

"கேக்கா?"

"பாட்டுதான் முடிஞ்சுட்டே. என்னத்தக் கேக்க?"

"பாட்டு இல்லட்டி. பின்னால ஙொய்ய்னு ஒண்ணு ஓடுதே, அது."

நானும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பக்கத்துத் தெரு விசைத்தறிகளின் டடக் டடக் கேட்டது. வாசலில் மாமியார் வெங்காய வற்றல் விலை பேசுவது கேட்டது. அவர் சொன்ன ஙொய் மட்டும் கேட்கவில்லை. "ஒண்ணுமே கேக்கலையே" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

மறுவாரம் ரேடியோக் கடைக்காரரைக் கூட்டிவந்தார். என் கணவரைவிட வயதில் சின்னவர். செட்டுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார்.

"ஆமா அண்ணாச்சி, சன்னமா இருக்கு. கரண்டுப் பெட்டியச் செட்டுப் பக்கத்துல வச்சா அப்படித்தான். அது இரையுறது ஸ்பீக்கர்ல ஏறிரும். தள்ளி வையுங்க."

சரிதான், ஆள் கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்கும் நிம்மதி. பெட்டியை அடுத்த அறைக்கு மாற்றினோம். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது என்றார். பிறகு மறுபடி விரல் உயர்ந்தது. சுவரில் ஓட்டை போட்டு, நீள ஒயர் இழுத்து, பெட்டியைக் கொல்லையில் விறகுக் கொட்டிலுக்கே கொண்டுபோய் வைத்தார்கள். வீட்டுக்கு வந்த ஜப்பான் செட்டுக்கு விறகுக் கொட்டிலிலிருந்து சாப்பாடு போகிறது! தெருவில் சொன்னால் சிரிப்பார்கள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

அதன் பிறகும் விரல் உயர்ந்தது.

"தறிக்காரங்க ஓட்டும்போது வோல்டேஜ் ஏறி எறங்குதுல்லா அண்ணாச்சி, அதான்" என்றார் கடைக்காரர். மதுரையில் சொல்லி ஸ்டெபிலைசர் ஒன்று செய்து வந்தது. அதில் முள் ஒன்று ஆடிக்கொண்டே இருக்கும். அதுவும் கொட்டிலில் குடியேறியது. விறகு வெளியே மழையில் நனைந்தது.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இவருக்குக் கேட்கிறது. கடைக்காரருக்குக் கேட்கிறது. ஒரு நாள் என் மாமியாரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "ஙொய்ய்னு கேக்குல்லாம்மா?" என்று மகன் கேட்டார். அவரும், "ஆமாய்யா, லேசாக் கேக்கு" என்றுவிட்டார். அடப்பாவமே! அடுப்படியில் நின்று நான் கூப்பிட்டால் கூடத்தில் இருக்கிற அத்தைக்குக் கேட்காது. அவருக்கே கேட்கிற இரைச்சல் எனக்கு ஏன் கேட்கவில்லை?

இதைச் சிரித்துவிட்டுப் போக என்னால் முடியவில்லை. ஏனென்றால் நான் சாப்பிட்டது காதை வைத்துத்தான். டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. அப்போதெல்லாம் நாமாக நம்பரைச் சுழற்றி வெளியூருக்குப் பேச முடியாது. எங்களிடம் சொல்ல வேண்டும், நாங்கள் ஒயரைச் செருகி இணைத்துத் தர வேண்டும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இரைச்சலுக்குள் கிடக்கிற குரலைப் பிடித்து இழுக்கிற வேலை. எனக்கு அது அப்போது இன்னும் தற்காலிகம்தான். நிரந்தரமாக்குவதற்கு முன்னால் உடல் பரிசோதனை உண்டு, அதில் காதும் உண்டு. காது சரியில்லை என்று எழுதிவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பயம் பிடித்துக்கொண்டால் எல்லாமே சாட்சி சொல்ல வரும். சிவகிரியிலிருந்து யாரோ நம்பர் சொன்னார், "என்ன சொன்னீங்க?" என்று திரும்பக் கேட்டேன். முன்னால் எத்தனையோ தடவை அப்படிக் கேட்டிருப்பேன், நினைத்தே பார்த்ததில்லை. அன்று ஹெட்போனைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் யாருக்கும் தெரியாமல் கைக்கடிகாரத்தை ஒவ்வொரு காதிலும் வைத்துப் பார்த்தேன். டிக் டிக் கேட்டது. அப்படியானால் அந்த ஙொய் எங்கே போனது? எனக்கு அழுகையே வந்தது.

கடைசியாகக் கடைக்காரர் ஒரு யோசனை சொன்னார். "செட்டுக்குள்ள கடைசியில ஓடுறது பேட்டரிக் கரண்டு மாதிரி ஒண்ணுதான் அண்ணாச்சி. சுவத்துக் கரண்டே வேண்டாம். ரெண்டு லாரி பேட்டரியக் கோத்துக் குடுத்துருவோம். இரைச்சலுக்கு வழியே இல்ல."

லாரி பேட்டரிகள் வந்து இறங்கின. ஆசிட் வாடை கூடமெல்லாம். செட்டைத் திறந்து ஒயர் மாற்றி, டிரான்ஸ்பார்மர், ஸ்டெபிலைசர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பேட்டரியில் மாட்டினார். சுவருக்கும் செட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கேசட் ஓடியது, முடிந்தது. நாங்கள் எல்லோரும் என் கணவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

விரல் மெதுவாக உயர்ந்தது.

கடைக்காரர் ஒரு கணம் முழித்தார். பிறகு, "ஆமா அண்ணாச்சி, லேசா, ஒரு பொடி மட்டும் இருக்கு" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "பேட்டரியில எங்கேருந்து தம்பி இரைச்சல் வரும்? நீங்கதான வழியே இல்லன்னு சொன்னீங்க? யார் காதுல பூச்சுத்துதீங்க?" என்று கத்திவிட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

என் கணவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். ரொம்ப இரக்கமாகப் பார்த்தார்.

"இத்தனை பேருக்குக் கேக்கு. உனக்கு மட்டும் கேக்கலன்னா, கோவப்பட்டு என்ன செய்ய? பரிசோதனை வருதுல்லா. அதுக்கு முந்தி பாளையங்கோட்டையில ஒரு டாக்டர்ட்ட காட்டிருவோம். மருந்து மாத்திரையில சரியாகிரும். பயப்படாத."

அவர் சொல்லிவிட்டார். என்னுடைய பயத்தை அவர் வாயால் கேட்டதும் அது உறுதியானது போல் ஆகிவிட்டது. அன்று நான் சாப்பிடவில்லை.

பாளையங்கோட்டை டாக்டர் அதிகம் பேசாதவர். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு, இரண்டு கால் உள்ள கரண்டி மாதிரி ஒரு இரும்பை எடுத்து முழங்கையில் தட்டினார். அது ரீங்கென்று அதிர்ந்தது. "சத்தம் நின்னதும் சொல்லுங்க" என்று என் காதருகே பிடித்தார். சத்தம் தேய்ந்து, தேய்ந்து, நூலாகி, அறுந்தது. "நின்னுட்டு" என்றேன். தன் காதில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். மறு காது. காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து ஒரு தடவை. பிறகு ரகசியம் பேசுகிற மாதிரி முதுகுக்குப் பின்னால் நின்று சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னார். எல்லாம் சொன்னேன்.

"உங்க காதுக்கு என்னம்மா குறை? என் காதைவிட நல்லா இருக்கு. யார் உங்களைப் பயமுறுத்தினது?"

எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. சிரிப்பும் அழுகையுமாக வந்தது. "இவங்கதான் டாக்டர்!" என்று என் கணவரைக் கையைக் காட்டி, டிரான்ஸ்பார்மரிலிருந்து லாரி பேட்டரி வரை கொட்டித் தீர்த்தேன். டாக்டர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சார் எங்க வேலை பாக்காங்க?"

"ராஜபாளையத்துல, மில்லுல" என்றார் இவர்.

"இங்கன வந்து உக்காருங்க."

இரும்பைத் தட்டி இவர் காதருகே பிடித்தார். இவர் செட்டின் முன்னால் உட்காருகிற மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு, முகத்தைக் கவனமாக வைத்துக்கொண்டு கேட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். டாக்டர் சத்தமில்லாமல் இரும்பின் இரண்டு கால்களையும் விரலால் அமுக்கினார். அதிர்வு நின்றது. இவர் ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் அதை மேஜையில் விரித்திருந்த துணியின் மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"கேக்குதா சார்?"

"கேக்கு டாக்டர். நல்லா இருக்கு. இன்னும் நிக்கல."

இவர் கண்ணைத் திறந்தார். மேஜையில் கிடந்த இரும்பைப் பார்த்தார், டாக்டரின் வெறுங்கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். விவரம் தெரியாத இடத்தில் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்பட்டவர் முகம் அது. நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

மில்லின் சத்தத்தில் பல வருஷம் இருந்தால் சிலருக்குக் காதுக்குள்ளேயே ஒரு இரைச்சல் தங்கிவிடும் என்றார் டாக்டர். வேலை நேரத்தில் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னார், முடிந்தால் வேறு பிரிவுக்கு மாறச் சொன்னார். "சரியாகுமா?" என்று நான் கேட்டதற்கு, "பழகும்" என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவராகவே ஆரம்பித்தார்.

"மில்லுல இருக்கும்போது கேக்காதுட்டி. இந்தா, இந்த பஸ்ஸுலயும் கேக்கல. நம்ம வீட்டுக்கு வந்து, அக்கடான்னு உக்காந்தாத்தான் வருது. அதான் பெட்டின்னு நெனச்சேன்."

சின்னச் சத்தமும் ஆகாது என்று எத்தனை நாள் மிக்சியை நிறுத்தியிருக்கிறேன், மாமியாரை அதட்டியிருக்கிறேன். வீட்டை அமைதியாக்க ஆக்க அவருக்கு அது கூடியிருக்கிறது. ஊர் வந்ததும் ரேடியோக் கடையில் ஏறி இறங்கினேன். "நெசமாவே கேட்டுதா தம்பி?" என்றேன். "அண்ணாச்சி கேக்குன்னு சொல்லும்போது, நான் எப்படி மதினி கேக்கலன்னு சொல்ல?" என்றார். மாமியாரும் அதையேதான் சொன்னார். யார் மேல் கோபப்படுவது என்றே எனக்கு விளங்கவில்லை.

அடுத்த வார லீவில் அவர் குளித்துவிட்டு வந்து செட்டின் முன்னால் உட்கார்ந்தார். கேசட் போடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

"கேக்கா?" என்று இந்தத் தடவை நான்தான் கேட்டேன்.

"ம்" என்றார்.

என்ன தோன்றிற்றோ, கொல்லைக்குப் போனேன். விறகுக் கொட்டிலில் கிடந்த அந்த முதல் இரும்புப் பெட்டியைச் சாக்கில் ஏற்றி, தரதரவென்று கூடத்துக்கு இழுத்து வந்தேன். "அத எதுக்குட்டி உள்ள கொண்டாந்த?" என்று மாமியார் கேட்டார். என் கணவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்து, செட்டோடு எதையும் இணைக்காமல், வெறுமனே சுவர் பிளக்கில் மாட்டி ஸ்விட்சைப் போட்டேன்.

'உம்ம்' என்று இரைந்தது. அவர் குனிந்து அதன் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"இது கேக்கு" என்றார்.

"எனக்கும் கேக்கு" என்றேன்.