அண்ணன் அவித்த ஜெர்மன்

1956 அக்டோபர் முதல் தேதி, திங்கட்கிழமை. என் அண்ணன் மாதப்பன் ஓசூரில் காலை ஆறரை மணி பஸ் ஏறிப் பெங்களூருக்குப் புறப்பட்டான். பஸ் பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். ஒரு ஜெர்மன் கம்பெனி ஓராண்டுப் பயிற்சிக்கு ஒரே ஓர் ஆளைத் தங்கள் நாட்டுக்கு அழைத்துப்போகிறது. தேர்வில் பத்து நிமிடம் ஜெர்மன் பேச வேண்டும். தவறினால், பட்டறையின் கிழட்டு லேத்தோடுதான் அவன் ஆயுசு.

ஜெர்மன் சொல்லிக்கொடுத்தது நான். ஒரு ஜெர்மன் குடும்பத்தின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நான்கு ஆண்டு ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். நமக்கு ‘அவித்த’ என்றால் எதற்கு முன்னால் வைத்தாலும் அவித்ததுதான். ஜெர்மனில் அப்படி இல்லை. ஓர் அவித்த மீன் என்றால் கெகோக்டர். உருளைக்கிழங்கு என்றால் கெகோக்டெ. முட்டை என்றால் கெகோக்டஸ். மீன் ஆண், கிழங்கு பெண், முட்டை இரண்டுமில்லை.

“குஞ்சு பொரியறதுக்கு முன்னாடி அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்றான் அண்ணன், கையிலிருந்த அவித்த முட்டையைப் பார்த்து.

“நீ பேசி முடிக்கறதுக்குள்ள பொரிஞ்சிரும். வாயில போடு மாமா” என்றாள் அண்ணி மாரம்மா.

கட்டிய மாடு, உடைந்த சைக்கிள், வறுத்த கடலை, எதையும் ஜெர்மனில் சொல்லிப் பார்க்காமல் அவன் விட்டுவைக்கவில்லை.

தேர்வன்று சாயங்காலம் துள்ளிக்கொண்டு வந்தான்.

“பேசினியாண்ணா?”

“பத்து நிமிசமா? ஒரு மணி நேரம்!”

“ஜெர்மன்லயா?”

அப்போதுதான் முகம் விழுந்தது. “கன்னடத்துல.”

தேர்வு நடத்திய ஜெர்மன் எஞ்சினியர் பெங்களூரில் கற்ற கன்னடத்தில் வாருங்கள், உட்காருங்கள் என்றாராம். எங்கள் ஊரில் ஒருவர் எந்த மொழியில் கூப்பிட்டாலும் அதே மொழியில்தான் வாய் திறக்கும். சந்தையில் கத்தரிக்காய் வாங்குவதற்குள் மூன்று மொழி மாறுவோம். லேத், இரும்பு, பக்கத்துத் தளி ஊர் உருளைக்கிழங்கு என்று அண்ணன் கன்னடத்தில் அளந்து தள்ளியிருக்கிறான். வெளியே வந்த பிறகுதான் நினைவு வந்திருக்கிறது. திரும்ப ஓடிக் கதவைத் தள்ளி, “ஐன் கெகோக்டஸ் ஐ!” என்று கத்தியிருக்கிறான். ஓர் அவித்த முட்டை!

அண்ணி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் மட்டும் அன்று சாப்பிடவில்லை. அதன்பின் தபால்காரர் தெருவில் வந்தாலே கொல்லைப்பக்கம் போய்விடுவான்.

அடுத்த ஆடியில் ஜெர்மனில் ஒரு கடிதம் வந்தது. அண்ணனே எழுத்துக்கூட்டிப் படித்தான்: ‘தேர்ந்தெடுக்கப்பட்ட லேத்காரர் மாதப்பன் நவம்பரில் கப்பலேற வேண்டும்.’

கீழே, கோணல்மாணலான கன்னட எழுத்தில் இன்னொரு வரி: ‘அவித்த முட்டை இங்கேயும் கிடைக்கும். சுமந்து வர வேண்டாம்.’